நாலு சுளை

லிஃப்ட்காரர் வீட்டில் கடிகாரத்துக்கு இரண்டே மணிதான். காலை ஏழு, மாலை ஏழு. மற்ற மணிகளெல்லாம் நடுவில் வந்து போகிற விருந்தாளிகள். ஏழு அடித்தால் மகள் சில்லு கையை நீட்டுவாள். அவர் உள்ளங்கையில் இரண்டு மாத்திரை வைப்பார். அவள் விழுங்கியதும் சட்டைப்பையிலிருந்து நோட்டை எடுத்து ஒரு கோடு போடுவார். பத்து வருஷத்தில் ஒரு கோடும் விட்டுப்போனதில்லை. ஒரு நாள் மாலை பதினான்காவது மாடிக்கும் பதினைந்தாவது மாடிக்கும் நடுவில், பழுதான லிஃப்டின் தலைமேல் நின்றுகொண்டு வீட்டுக்குப் போன் போட்டார். "முழுங்கியாச்சா? வாயைத் திறந்து அம்மாகிட்ட காட்டு" என்று கேட்டு, பதில் வந்த பிறகுதான் கையிலிருந்த திருகாணியை முடுக்கினார்.

சில்லு என்பது வீட்டுப் பெயர். ஒரு வயது முடிவதற்குள் பித்தநாளம் அடைத்து அவளுடைய ஈரல் கெட்டுவிட்டது. அம்மாவின் ஈரலில் ஒரு துண்டை அறுத்து அவளுக்கு வைத்தார்கள். மயக்கம் தெளிந்த அம்மா, "என் சில்லு எப்படி இருக்கு?" என்று கேட்டாளாம். ஈரலைக் கேட்டாளா, பிள்ளையைக் கேட்டாளா என்று நர்ஸுகள் சிரித்தார்கள். பெயர் ஒட்டிக்கொண்டது.

அன்றைக்கு மனைவி ஒரு அறையிலும் பிள்ளை அடுத்த அறையிலும் கிடக்க, வெளியே நடைவழியில் நின்ற ஒரே ஆள் லிஃப்ட்காரர். அவருடைய ரத்த வகை பொருந்தவில்லை. கொடுக்க ஒன்றுமில்லாமல், செய்யவும் ஒன்றுமில்லாமல், அந்த மாடியின் லிஃப்ட் எத்தனை தடவை கதவு திறந்து மூடுகிறது என்று எண்ணிக்கொண்டு நின்றார். மூன்றாம் நாள் ஒரு நர்ஸ் வந்து மருந்து அட்டவணையைக் கையில் கொடுத்து, "இனிமே இது உங்க பொறுப்பு" என்றாள். வாங்கிய காகிதத்தை இன்னும் கீழே வைக்கவில்லை என்று மனைவி சொல்வதுண்டு.

சில்லுவுக்குப் பதினொரு வயதாகும்போது டாக்டரம்மா மாத்திரையை நிறுத்தும் பேச்சை எடுத்தார். வழக்கமான பரிசோதனை நாள்; மூவரும் போயிருந்தார்கள். நாலாவது மாடியில் ஜன்னலில்லாத சின்ன அறை. மேஜையில் பத்து வருஷத்துக் காகிதங்கள் இரண்டு கட்டாக இருந்தன.

"உடம்புக்குள்ள ஒரு காவலாளி இருக்கான்னு வெச்சுக்குங்க" என்றார் டாக்டரம்மா. "அம்மாவோட ஈரலைப் பார்த்தா, நீ யாரு, எந்த வீடுன்னு கேட்டு அடிக்க வருவான். இந்த மாத்திரை அவனை அரைத் தூக்கத்துல வெச்சிருக்கு. ஆனா சில பிள்ளைங்களுக்கு வருஷம் போகப் போகக் காவலாளி அந்த ஈரலோட பழகிடுறான். அதுக்கப்புறம் மாத்திரை தேவையில்ல."

"சில்லுவுக்குப் பழகிட்டானா?" என்று கேட்டார் லிஃப்ட்காரர்.

"தெரியாது. ஈரல்ல ஊசி வெச்சு எடுத்த துணுக்கு சுத்தமா இருக்கு. பத்து வருஷமா ஒரு வம்பும் இல்ல. அதனால முயற்சி பண்ணலாம்னு நினைக்கிறோம். கொஞ்சம் கொஞ்சமா மருந்தை இறக்கித்தான் பார்க்கணும்."

"இறக்காம பார்க்க வழியில்லையா?"

"இல்ல. சில பேருக்கு ஒத்துவராது. அப்படின்னா ரத்தத்துலயே முதல்ல தெரிஞ்சுடும். மறுபடி ஏத்திடுவோம். பெரும்பாலும் அடங்கிடும். நீங்களா வீட்டுல நிறுத்துனா அது வினை. நாங்க ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை ரத்தம் பார்த்துக்கிட்டே இறக்குறது வேற."

"நல்லா ஓடிட்டிருக்கிறதை எதுக்கு டாக்டர் தொடணும்?"

டாக்டரம்மா ஒரு காகிதத்தை அவர் பக்கம் திருப்பினார். சிறுநீரகத்தின் எண். மூன்று வருஷமாகப் படிப்படியாக ஏறியிருந்தது. "ஈரலைக் காப்பாத்துற மருந்துதான். கிட்னிக்கு அது வேண்டாத விருந்தாளி. இப்படியே போனா இவளுக்கு இருபது வயசுல நாம வேற பேச்சுப் பேச வேண்டியிருக்கும்."

லிஃப்ட்காரர் காகிதத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். சில்லு கேட்டாள்: "எப்ப முடியும்?"

"எல்லாம் சரியாப் போனா, பத்து மாசம்."

அவள் விரல் விட்டு எண்ணினாள். பத்தாவது மாதத்துக்குப் பிறகுதான் பள்ளியில் நாலு நாள் முகாம். போன முகாமில் டீச்சர் காலையும் மாலையும் மாத்திரை டப்பாவோடு அவளைத் தேடி வர, வகுப்பே அவளுக்கு ஏழுமணி என்று பெயர் வைத்துவிட்டது. டப்பா இல்லாமல் போக வேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

வீடு திரும்பும்போது மனைவி சிரித்தாள். அவள் ஒரு பெரிய சலவை நிலையத்தில் காலை ஷிஃப்ட் மேற்பார்வை. அழுக்கு, கறை, கிழிசல் எதற்கும் அசராதவள். "எதுக்கு முகத்தை இப்படித் தொங்கப் போட்டிருக்கீங்க? என் ஈரல் எங்க போனாலும் ஒழுங்கா நடந்துக்கும். உங்க ஈரலா இருந்தா நானும் பயப்படுவேன்."

"விளையாடாதே."

"விளையாடலீங்க. பத்து வருஷம் ஒரு வீட்டுல குடியிருந்தா பக்கத்து வீட்டுக்காரனே சொந்தமாயிடுறான்."

மருந்து இறங்க ஆரம்பித்தது. மாலையில் இரண்டு ஒன்றாயிற்று. இரண்டு மாதம் கழித்துக் காலையிலும் ஒன்று. ஈரல் எண்களில் அசைவில்லை. முடிவுகளைச் சொல்ல மருத்துவமனையிலிருந்து ஒரு நர்ஸ் கூப்பிடுவாள். முகத்தைவிடக் குரலே பழக்கமாகிவிட்டதால் வீட்டில் அவளுக்குப் போன் நர்ஸ் என்று பெயர். "எல்லாம் நல்லா இருக்கு சார், நீங்க தூங்கலாம்" என்பாள். அவர் தூங்கவில்லை. மாத்திரை டப்பாவில் காலியாகிவிட்ட குழிகள் அவருக்கு அறுந்த கயிறுகளாகத் தெரிந்தன. ஒரு லிஃப்டைத் தூக்க இரண்டு கயிறு போதும், ஆறு தொங்கவிடுவார்கள். அதிகப்படியான நாலை அறுத்துவிட்டு, லிஃப்ட் இன்னும் விழவில்லையே என்று சந்தோஷப்படச் சொல்கிறார்கள் என்று அவருக்குப் பட்டது.

மாத்திரையைக் கூட்டிக் கொடுக்க அவரால் முடியாது. நோட்டில் பொய்க் கோடு போட அவருக்குக் கை வராது. டாக்டர் ஒன்று என்றால் ஒன்றுதான்.

அப்போதுதான் பழம் வந்தது.

அவர் பராமரிக்கிற ஆறு மாடிக் கட்டடம் ஒன்றின் பின்பக்கத்தில் ஒரு பம்பளிமாசு மரம். ஒவ்வொரு பழமும் சின்னப்பிள்ளை தலை அளவு இருக்கும். அங்கிருந்த வாட்ச்மேன் மாதாமாதம் ஒன்றை நீட்டுவார், லிஃப்ட்காரர் மாதாமாதம் மறுப்பார். "என்ன சார், விஷமா வெச்சிருக்கேன்? இந்த மரத்தைச் சீந்த ஆளில்ல. கீழ நின்னா மண்டை உடையும், அது ஒண்ணுதான் பிரயோஜனம்."

மறுத்ததற்குக் காரணம் உண்டு. ஈரல் மாற்றிய பிள்ளைகள் உள்ள வீட்டில் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒரு பட்டியல் ஒட்டியிருக்கும். அதில் சாப்பிடக்கூடாதவற்றில் முதல் வரி பம்பளிமாசு. அதைத் தின்றால் உடம்பு அந்த மருந்தைச் சீக்கிரம் கரைத்துத் தள்ளாது. கொடுத்தது கொஞ்சமானாலும் ரத்தத்தில் நிறைய நிற்கும். பத்து வருஷத்துக்கு முன் நர்ஸ் சொன்னபோது நடுங்கிக் கேட்ட சங்கதி.

அந்த மாதம் வாட்ச்மேன் நீட்டியதும் அவர் வாங்கிக்கொண்டார். பழத்தைக் கருவிப் பையில் ஸ்பேனருக்கும் கிரீஸ் டப்பாவுக்கும் நடுவில் வைத்தபோது அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டது இது: மாத்திரையைக் கூட்டவில்லை.

மனைவி ஆறு மணிக்கே ஷிஃப்டுக்குப் போய்விடுவாள். ஏழு மணி சமையலறையில் அப்பாவும் மகளும் மட்டும். அவர் தடித்த தோலைக் கீறி, வெள்ளைத் தோலை உரித்து, நாலு சுளையைத் தட்டில் வைத்தார். சில்லு தட்டையும் பார்த்தாள், குளிர்சாதனப் பெட்டிக் கதவையும் பார்த்தாள்.

"அப்பா, இது லிஸ்ட்ல இருக்கே."

"மருந்து குறைஞ்சிருச்சுல்ல. சாப்பிடலாம்னு சொல்லிட்டாங்க."

"யாரு?"

"டாக்டர்தான்."

அவள் ஒரு சுளையை வாயில் போட்டாள். கண்ணை மூடினாள். கசப்பும் இனிப்புமாக ஏதோ ஒன்று முகத்தில் ஓடி நின்றது. "இதையா பத்து வருஷமா குடுக்கல?" என்றாள். அன்று மாலை அவளே பேனாவை எடுத்து, பட்டியலின் முதல் வரியைக் கோடு போட்டு அடித்தாள். மனைவி அந்தப் பட்டியலைப் பார்த்துப் பல வருஷமாகியிருந்தது. அடுத்த கட்டத்தில் மாலை மாத்திரையும் நின்று காலை ஒன்று மட்டும் ஆனது. பழம் தீரத் தீர அவரே அந்தக் கட்டடத்துக்குப் போய் வாங்கி வந்தார்; தினம் நாலு சுளை தொடர்ந்தது.

போன் நர்ஸின் குரல் மாறியது மூன்று ரத்தப் பரிசோதனைகளுக்குப் பிறகு. "சார், மருந்து அளவு இறங்கவே மாட்டேங்குது. ரத்தம் எடுக்குற அன்னிக்கு மாத்திரையை முன்னாடியே போட்டுடுறீங்களா?"

"இல்லம்மா. எடுத்த பிறகுதான்."

"ஒண்ணுதானே போடுறீங்க?"

"ஒண்ணுதான்." நோட்டைப் பார்த்துச் சொன்னார். அது உண்மை. உண்மையைச் சொல்லும்போது நெஞ்சு இப்படி அடித்துக்கொள்ளும் என்பதை அவர் அதுவரை அறிந்திருக்கவில்லை.

பழம் ஆரம்பித்து நாலு மாதம் ஆகியிருந்தபோது டாக்டரம்மா நேரில் வரச் சொன்னார். மனைவிக்கு விடுப்பு கிடைக்கவில்லை. அவரும் சில்லுவும் போனார்கள். டாக்டரம்மா இரண்டு காகிதங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஈரல் நல்லா இருக்கு. எனக்குப் புரியாதது கிட்னி. மருந்தைக் கால்வாசி ஆக்கியாச்சு, எண் இறங்கணும். ஏறியிருக்கு. ரத்தத்துல மருந்தும் ஏறக்குறைய பழைய அளவுலயே நிக்குது. அவ உடம்பு மருந்தைக் கரைக்கிறதுல ஏதோ மாறியிருக்கா, இல்ல கிட்னிலயே வேற நோய் இருக்கான்னு தெரியணும்." பேனாவை மூடினார். "வேற மருந்து ஏதாவது? நாட்டு மருந்து, பழம், புதுசா ஏதாவது?"

"இல்லீங்க" என்றார் லிஃப்ட்காரர்.

சில்லு தலையைத் திருப்பி அப்பாவைப் பார்த்தாள். அவர் மேஜை விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்படின்னா கிட்னில ஊசி வெச்சுப் பார்த்துடலாம். வர்ற செவ்வாய்க்கிழமை. முதுகுப் பக்கமா குத்தி ஒரு துணுக்கு எடுப்போம். ஒரு நாள் அசையாம படுத்திருக்கணும். ரத்தக்கசிவுக்குக் கொஞ்சம் வாய்ப்பு இருக்கு, அதனால கையெழுத்து வேணும். வெளியில நர்ஸ்கிட்ட போட்டுடுங்க."

நர்ஸ் படிவத்தைக் கொடுத்தாள். லிஃப்ட்காரர் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்து, "வீட்டுல கேட்டுட்டுக் கொண்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டு லிஃப்டுக்கு நடந்தார். கதவு மூடியது. உள்ளே அவர்கள் இருவர் மட்டும்.

"டாக்டர் சாப்பிடலாம்னு சொன்னாங்கன்னு சொன்னீங்க" என்றாள் சில்லு.

அவர் மாடி எண்ணைப் பார்த்தார். மூன்று.

"எந்த டாக்டர்ப்பா?"

இரண்டு. லிஃப்டின் வலதுபக்கத் தண்டவாளத்தில் லேசான உரசல் கேட்டது. எண்ணெய் போட்டு ஆறு மாதமாவது இருக்கும் என்று அவருக்குள் ஒரு குரல் தன்பாட்டுக்குச் சொன்னது.

"யாரும் சொல்லல" என்றார்.

"அப்ப எதுக்கு குடுத்தீங்க?"

"மருந்து குறையுதே, அது கொஞ்சம் கூட நேரம் உள்ள நிக்கட்டும்னு."

தரைத்தளம். கதவு திறந்தது. வெளியே நின்ற இரண்டு பேர் இவர்கள் இறங்கட்டும் என்று காத்திருந்தார்கள். சில்லு இறங்கவில்லை. கையை நீட்டி நாலாம் எண்ணை அழுத்தினாள்.

"நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

அவர் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர்களைப் பார்த்துச் சிரித்திருக்கிறார். தானும் ஒரு முழுப் பம்பளிமாசை மறைத்துவிட்டு நிற்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. மேலே போகும் நேரம் முழுக்க ஏறி வந்த இரண்டு பேரும் தங்கள் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

டாக்டரம்மா அடுத்த பிள்ளையை இன்னும் கூப்பிடவில்லை. லிஃப்ட்காரர் உட்காரவில்லை. நின்றபடியே, வேலை அறிக்கை வாசிப்பதுபோலச் சொன்னார்: எந்த மரம், யார் கொடுத்தது, எந்தத் தேதியிலிருந்து, காலையில் மாத்திரைக்கு எவ்வளவு நேரத்துக்கு முன். டாக்டரம்மா முகம் இறுகிப்போய்க் கேட்டுக்கொண்டிருந்தார்.

"தினமும் எவ்வளவு?"

"நாலு சுளை."

"தினமுமா? விடுமுறை நாள்லயும்?"

அவர் நோட்டை எடுத்துக் கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். அங்கே ஒவ்வொரு நாளுக்கும் நாலு சின்னக் கோடுகள் இருந்தன. இரண்டு நாள் மட்டும் மூன்று. அந்தப் பழம் சின்னது என்று பக்கத்தில் எழுதியிருந்தது.

டாக்டரம்மா அந்தப் பக்கத்தை வெகுநேரம் பார்த்தார். "இத்தனை வருஷத்துல எத்தனையோ அப்பா அம்மாவைப் பார்த்துட்டேன்" என்றார். "மாத்திரையை மறந்தவங்க, ஒளிச்சவங்க, வாந்தி எடுத்ததைச் சொல்லாதவங்க. தப்பை இவ்வளவு ஒழுங்கா பண்ணுன ஆள் நீங்கதான்." சிரிக்கவில்லை. "உங்களுக்குப் புரியுதா? நாலு மாசமா நான் எதையும் சோதிச்சுப் பார்க்கல. மாத்திரை குறைஞ்சும் ஈரல் தாங்குதுன்னு எழுதுனேன். மருந்து இறங்கவே இல்ல. வேற நோய் எதுவோன்னு இந்தப் பிள்ளை முதுகுல ஊசி வைக்க இருந்தேன்."

"கிட்னிக்கு?"

"பழத்தை நிறுத்துங்க. ஒரு மாசத்துல எண் இறங்குதான்னு பார்ப்போம். இறங்கிட்டா ஊசி வேண்டாம். மருந்து இன்னிக்கு மாலையிலயிருந்தே காலை ஒண்ணு, மாலை ஒண்ணு; அந்தக் கட்டத்துலயிருந்து மறுபடி ஆரம்பம்."

"அப்ப முகாம்?" என்றாள் சில்லு.

கணக்கு அவளுக்கே தெரியும். முகாமுக்கு டப்பாவோடுதான் போக வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் சில்லு அம்மாவிடம் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். கடைசித் துணியையும் மடித்து முடித்த பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"போன வருஷம் ஆபீஸ்ல ஒரு சண்டை போட்டீங்களே, ஞாபகம் இருக்கா?"

அவருக்கு ஞாபகம் இருந்தது. வருஷாந்திரச் சோதனை. கயிறு அறுந்தால் லிஃப்ட் விழாமல் தண்டவாளத்தைக் கவ்வுகிற இரும்புப் பிடி வேலை செய்கிறதா என்று பார்க்க, லிஃப்டை நிஜமாகவே வேகமாக இறங்கவிட வேண்டும். புதிதாக வந்த பொறியாளர் பயந்துபோய் அடியில் மரக்கட்டையை முட்டுக்கொடுத்துவிட்டுச் சோதனை ஆயிற்று என்றார். லிஃப்ட்காரர் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார்.

"கட்டை பிடிச்சதா பிடி பிடிச்சதான்னு யாருக்குத் தெரியும்னு கேட்டீங்க. வீட்டுக்கு வந்து ஒரு வாரம் அதே பேச்சு. என் காது புளிச்சுப்போச்சு." மடித்த துணியை அலமாரியில் வைத்தாள். "என்னை அறுத்தப்ப நான் பயப்படலீங்க. நீங்க வெளியில நிக்கிறீங்கன்னு தெரியும். இப்ப உங்களை வெளியில நிக்கச் சொல்றாங்க, அவ்வளவுதான். அது உங்களால முடியல."

அன்று மாலை ஏழு அடித்ததும் டப்பாவை எடுக்கப் போனார். அது இருந்த இடத்தில் இல்லை. சில்லுவின் அறைக் கதவு பாதி திறந்தது. அவள் கையில் டப்பாவும் அவருடைய நோட்டும் இருந்தன. நோட்டை எப்போது எடுத்தாள் என்று தெரியவில்லை.

"இனிமே கோடு நான் போட்டுக்கறேன்" என்றாள்.

ஒரு மாதத்தில் சிறுநீரக எண் இறங்கியது. ஊசி தேவைப்படவில்லை. சில்லு டப்பாவோடு முகாமுக்குப் போய் ஏழுமணி என்ற பெயரோடே திரும்பி வந்தாள். மருந்து மறுபடி படிப்படியாக இறங்கியது: காலை ஒன்று, பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள், பிறகு வாரத்துக்கு இரண்டு. ஒருமுறை ஈரல் எண் ஒன்று லேசாகத் துள்ளியது. மூன்று நாள் வீட்டில் யாருக்கும் சாப்பாடு இறங்கவில்லை. மறுபடி எடுத்த ரத்தத்தில் அது அடங்கியிருந்தது, சளிக்காய்ச்சல் என்றார்கள். அந்த மூன்று நாளும் லிஃப்ட்காரர் ஆறு மாடிக் கட்டடத்தின் பக்கமே போகவில்லை. அங்கே பராமரிப்பு முறை வந்தபோது வேறு ஆளை அனுப்பினார்.

கடைசி மாத்திரை ஒரு வெள்ளிக்கிழமை காலையில் போயிற்று. இனி மாதாமாதம் ரத்தம், ஒரு வருஷம் கழித்து ஈரலில் ஊசி. அதன் பிறகுதான் சொல்ல முடியும், அதன் பிறகும் ரத்தம் பார்த்துக்கொண்டேதான் இருக்க வேண்டும் என்றார் டாக்டரம்மா. மாலை ஏழுக்கு லிஃப்ட்காரரின் போன் அலாரம் அடித்தது. அவர் அதை அணைத்தார். நீக்கவில்லை.

ஆறு வாரம் கழிந்தது. ஒருநாள் வாட்ச்மேன் வழக்கம்போல நீட்டினார். "இந்தாங்க. வேண்டாம்னு சொல்றதுக்காகவாவது கையில வாங்கிப் பாருங்க." லிஃப்ட்காரர் வாங்கி, கருவிப் பைக்குள் வைக்காமல், எல்லாரும் பார்க்கக் கையிலேயே பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

மனைவி பார்த்தாள். சில்லு பார்த்தாள்.

"மருந்தே இல்லைன்னா இதுல ஒண்ணும் இல்ல. சாப்பிடலாம்" என்றார்.

"யாரு சொன்னாங்க?"

"எனக்குத் தெரியும்மா. மருந்து இருந்தாத்தானே அது..."

"இருங்க" என்றாள் சில்லு. போனை எடுத்தாள். அந்த எண் அவளுக்கு மனப்பாடம். மணி அடிக்கிற சத்தம் எல்லாருக்கும் கேட்கும்படி வைத்தாள்.

லிஃப்ட்காரர் சமையலறை மேடையருகே ஒரு கையில் பழமும் ஒரு கையில் கத்தியுமாக நின்றார். மனைவி அவரைப் பார்த்துவிட்டு, ஒரு தட்டை எடுத்து மேடையில் வைத்தாள். போன் அடித்துக்கொண்டே இருந்தது. போன் நர்ஸ் வேறு யாருக்கோ முடிவு சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்.

"எடுக்கலைன்னா?" என்றார்.

"நாளைக்குக் கேட்கலாம். பழம் ஓடியா போகும்?" என்றாள் சில்லு.

ஏழாவது மணியில் நர்ஸ் எடுத்தாள். சில்லு தன் பெயரைச் சொன்னாள், எத்தனை நாளாக மருந்தில்லை என்று சொன்னாள், கேள்வியைக் கேட்டாள். அந்தப் பக்கத்தில் அவள் யாரிடமோ பேசுகிற சத்தம். பிறகு குரல் திரும்பி வந்தது.

"டாக்டரையே கேட்டுட்டேன். தாராளமா சாப்பிடு. அப்பா பக்கத்துல இருக்காரா?"

"இருக்கார். கத்தியோட நிக்கிறார்."

"அவர்கிட்ட சொல்லு, இந்தத் தடவை எண்ண வேண்டாம்னு."

சில்லு போனை வைத்தாள். பிறகு அப்பாவைப் பார்த்துத் தலையசைத்தாள். அவர் தோலில் கத்தியை வைத்தார்.